பிடியரிசி டின்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதத் துணிந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று லோபாக்கிலுள்ள என் வீட்டில் மனைவி டின்னில் அரிசி கொட்டிய சத்தம் கேட்டு, எழுந்துபோய் அதன் அடிவரை கைவிட்டுத் துழாவினேன்.

சிறுவயதில் நாங்கள் இருந்த கோலா சாவா ரப்பர் தோட்டத்தில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று ஒரு பிடி அரிசியை பிஸ்கட் டின்னில் போடுவார். மழையால் பால்வெட்டு நின்று கூலியில்லாமல் போன வாரம், பசி தாங்காமல் அதைத் திருடிப் பச்சையாகவே தின்றேன். பிறகு அடியில் மணலை நிரப்பி, மிச்ச அரிசியை மேலே பரப்பினேன்.

சனிக்கிழமை அம்மா டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா கனம். பட்டினியிலயும் கர்த்தர் பங்கு குறையல, பாத்தியாடா."

"நமக்கு மரவள்ளி, கர்த்தருக்கு அரிசியா?" என்று அப்பா சிரித்தார்.



மறுநாள் சபையார் முன்னிலையில் அம்மா டின்னைக் காணிக்கைச் சாக்கில் கவிழ்த்தார். முதலில் அரிசி விழுந்தது, பிறகு மணல் விழுந்தது.