முகமூடிக்குள் செல்லையா

பதினைந்து வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவன் செல்லையா. அப்போது அவன் பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் நடிகன். வந்த மூன்றாம் மாதம் குரல் உடைந்தது. கம்பெனி ஊர் திரும்பியபோது அவனைக் கூட்டிப் போகவில்லை. ரங்கூனை அடுத்த இன்சீன் ரயில் பட்டறையில் சேர்ந்து பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொண்டான். பத்து வருஷம் கழித்து ஒருமுறை ஊருக்குப் போய்த் தைலம்மாளைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தான். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பகுதியில் ஒரு மரவீட்டு வரிசையில் குடியிருந்தார்கள். குழந்தை இல்லை.

1921-ல் பிளேக் வந்தது. ஒருநாள் தைலம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. 'எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் வேலைக்குப் போங்கள்' என்று அவளே சொன்னதாகச் செல்லையா பிறகு எல்லோரிடமும் சொல்வான். சாயங்காலம் ரயிலிறங்கி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சுவரெல்லாம் மருந்து நெடி. பக்கத்து வீட்டு ரஹீமா வாசலில் நின்றிருந்தாள். கைலிக் கடைக்காரர் ஒருவரின் மனைவி. செல்லையா அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

"தம்பி, தைலு போயிட்டா. தூங்கிட்டே போயிட்டா. ஒரு கஷ்டமும் படல. முனிசிபல் ஆளுங்க வந்து எடுத்துட்டுப் போய், எரிச்சும் முடிச்சிட்டாங்க" என்றாள்.

முகம்கூடப் பார்க்க முடியவில்லை. ஒப்பாரி வைக்க உறவுப் பெண்கள் யாரும் இல்லை. அந்தத் தெருவில் பாதிக்கு மேல் தனி ஆண்கள். ஆண் பிள்ளை வாய்விட்டு அழக் கூடாது என்பதால் செல்லையாவும் அழவில்லை. 'தூங்கிக்கொண்டே போனாள்' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷம் ஓட்டினான்.

அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாகரத்தினம் என்றொரு வாத்தியார் இருந்தார். மதராஸில் படித்தவர். பழைய கிரேக்க தேசத்து நாடகங்கள் மேல் அவருக்குத் தீராத மோகம். அந்த முறையில் தாமே தமிழில் ஒரு நாடகம் எழுதினார். கடலில் மகனை இழந்த ஒரு மகாராணியின் கதை. அந்த வேடத்துக்கு ஆள் தேடியபோது யாரோ செல்லையாவைக் கைகாட்டினார்கள்.

"எனக்கு வயசு முப்பத்தாறு சார். மீசை வச்ச மகாராணியா?" என்றான் செல்லையா.

"மீசை தெரியாதுப்பா. அங்கே எல்லாருக்கும் முகமூடி. பொம்பளை வேஷமெல்லாம் ஆம்பளைதான் போடுவான். மலைச்சரிவிலே ஊரே உக்காந்து பார்க்கும். விடிஞ்சதும் ஆரம்பிச்சுப் பட்டப்பகல்லதான் நாடகம். அவங்களுக்கு அது சாமி திருவிழா."

செல்லையா ஒப்புக்கொண்டான். பழைய வேட்டித் துணியைப் புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து, மண் அச்சின்மேல் ஒட்டிக் காயவைத்து, பதினாறு முகமூடிகள் செய்தார்கள். வாய் மட்டும் பெரிதாகத் திறந்திருக்கும். பெயிண்ட் அடித்தவன் செல்லையா. வட்டமாக நின்று சேர்ந்து பாடப் பன்னிரண்டு பேர் துறைமுகத்திலிருந்து கிடைத்தார்கள். கிரேக்கர்களின் இரட்டைக் குழலுக்குப் பதிலாக சின்ன நாதஸ்வரம் போன்ற முகவீணையை ஊதுகிறவர் ஒருவர் வந்தார். ஹார்மோனியம் கிடையாது என்றதும் பலருக்கு வருத்தம்.

ஞாயிறுதோறும் ஒத்திகை. ஒருநாள் செல்லையா கேட்டான்:

"பையன் சாவறதை மேடையிலேயே காட்டினா என்ன சார்?"

"அவங்க பெரும்பாலும் காட்டமாட்டாங்க. சாவு கண்ணுக்கு மறைவா நடக்கும். ஒரு தூதன் வந்து நடந்ததைச் சொல்வான். கேக்கறவங்க மனசுக்குள்ளே பார்த்துக்குவாங்க."

"எனக்கும் அப்படித்தான் சார் சேதி வந்தது" என்றான் செல்லையா. வாத்தியாருக்கு விளங்கவில்லை.

1926 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரயில் பாதைக்கு அருகிலிருந்த ஒரு மேட்டில் நாடகம் நடந்தது. முந்நூறு பேர் இருக்கலாம். ஒரு ஓரமாகப் பெண்கள் நாற்பது பேர். அவர்களில் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி ரஹீமாவும் இருந்தாள்.

முதலில் முகமூடிகளைப் பார்த்துச் சிரித்தவர்கள் போகப் போக அடங்கினார்கள். தூதன் வேடத்தில் தபால் ஆபீஸ் குமாஸ்தா அமீர் அலி வந்தார். "மகாராணி, எல்லாவற்றையும் சொல்லவா, இல்லை சுருக்கமாகச் சொல்லவா?" என்று கேட்டார்.

"ஒன்றையும் மறைக்காதே. அவன் கடைசியாக யாரைக் கூப்பிட்டான் என்பதையும் சொல்" என்றாள் மகாராணி.

அமீர் அலி சொன்னார். கப்பல் உடைந்தது, பையன் பலகையைப் பிடித்தது, கை வழுக்கியது, அம்மா என்று கூப்பிட்டது, கரையில் நின்றவர்கள் அலைக்குப் பயந்து இறங்காமல் இருந்தது, எல்லாம்.

பிறகு மகாராணி புலம்ப வேண்டும். வாத்தியார் எழுதிய செந்தமிழ்ப் பாட்டில் மூன்று வரி பாடிய செல்லையா நின்றுவிட்டான். முகவீணை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று முகமூடிக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது.

"வண்டியேறிப் போகையிலே
வாசலிலே நின்னவளே,
வந்து முகம் பாக்குமுன்னே
வெந்து சாம்பல் ஆனவளே…"

மகனுக்காக அழ வேண்டிய மகாராணி ஒரு பெண்ணைச் சொல்லி அழுதாள். வட்டமாக நின்றவர்கள் தடுமாறினார்கள். வாத்தியார் எழுந்தார், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாரும் தப்பு கண்டுபிடிக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒப்பாரிச் சத்தமே கேட்டிராத மூட்டை தூக்கும் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு அழுதார்கள். செல்லையா கால்மணி நேரம் பாடினான். முகமூடியைக் கழற்றியபோது பசை ஊறிப்போய்க் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை ரஹீமா அவன் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னான். வரவில்லை.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றாள்.

செல்லையா வாசற்படிக்கு வந்தான்.

"தைலு தூங்கிட்டே போகல. பத்து மணியிலேர்ந்து உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. எனக்குக் கைப்பிள்ளை. பயந்துட்டேன். உள்ளே போகல."

"தண்ணி கேட்டாளா?"

"கேட்டா."

"குடுத்தீங்களா?"

"சொம்புல வச்சு வாசப்படியிலேர்ந்து உள்ளே தள்ளினேன். அவளால எழுந்து வர முடியல."

தெருவில் மொஹிங்கா மீன்சாற்றுச் சேமியா விற்கும் பர்மாக்காரி கூவிக்கொண்டு போனாள். 

"எப்போ அடங்கினா?"

"பள்ளிவாசல்ல மத்தியான லுஹர் பாங்கு சொன்னாங்க. அதுக்கப்புறம் சத்தம் கேக்கல." ரஹீமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைத் திட்டணும்னா திட்டிடுங்க தம்பி. அந்தத் தூதன் சொல்லும்போது கரையில நின்னது நான்தான்னு தோணிச்சு."

செல்லையா தரையில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"அவ என்னை வேலைக்குப் போகச் சொல்லல அக்கா. போகாதீங்கன்னுதான் சொன்னா. அக்குள்ல கட்டி இருந்ததை நான் பார்த்தேன். என்ன சீக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் ரயிலேறினேன். பட்டறையில அன்னைக்குப் பூராவும் ஒரே பெட்டிக்கு ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சிருக்கேன்."

ரஹீமா துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். நோன்பு மாதத்தில் அவள் கஞ்சி கொடுத்தனுப்பினாள். அவன் வாங்கிக் குடித்தான். ஆனாலும் இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துறங்க அவனால் முடியவில்லை. மழைக்கு முன்பே வீட்டைக் காலி செய்து இன்சீனுக்குக் குடிபோனான்.

மறு வருஷம் நாகரத்தினம் வாத்தியார் அங்கேயே தேடி வந்தார். புது நாடகம், இன்னும் பெரிய வேடம் என்றார்.

"வேண்டாம் சார். நான் அன்னைக்கு நடிக்கல" என்றான் செல்லையா.

வாத்தியார் வற்புறுத்தவில்லை. அவன் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு மாலை ரயிலுக்குக் கிளம்பினார்.

பட்டறையில் செல்லையா ஒழுங்கான வேலைக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான். நடுப்பகலில் மட்டும், பாங்கு சொல்லும் நேரம் என்று அவன் கணக்கிட்ட அந்த வேளையில், பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவான். மேஸ்திரி முதலில் சத்தம் போட்டார். சில மாதங்களில் அவருக்கும் பழகிவிட்டது.