குபேரனைப் பார்த்து வைத்த சோலார்

என் தம்பி கொட்டிவாக்கத்தில் வீடு கட்டிய வருஷம் எனக்குத் தூக்கம் போனது. கூடப் பிறந்தவன் வீடு கட்டினால் சந்தோஷப்பட வேண்டாமா என்று கேட்பீர்கள். பட்டேன். கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கும்வரை பட்டேன். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்து, "என்னா குளுமை, ஃபேனே வேண்டாம் போலிருக்கே" என்று ஆரம்பித்தார்கள் பாருங்கள், அத்தோடு சரி. சாப்பாடு இறங்கவில்லை.

நாங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்த குடும்பம். கடைக்கு இரண்டு தெரு தள்ளி அப்பா கட்டிய வீட்டில் மூத்தவன் நான் இருக்கிறேன். அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடுதான். எங்களில் அதுதான் வழக்கம். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அம்மா இருக்கிற வீட்டுப் படியைத்தான் முதலில் மிதிப்பார்கள். தம்பி எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் இந்த ஒரு விஷயத்தில் என்னை அசைக்க முடியாது என்று இருந்தேன்.

அந்தச் சித்திரையில் அம்மா ஒரு பையில் நாலு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு, "நாலு நாள் சின்னவன் வீட்டுல இருந்துட்டு வாரேன்யா" என்று கிளம்பினாள். அந்த நாலு நாள் ஆனி பிறந்தும் முடியவில்லை.

போன் போட்டேன். "எப்பம்மா வார?"

"இங்க நல்லாத் தூக்கம் வருதுய்யா. வெயில் தாழட்டும்."

"இங்க ஒன் ரூம்ல ஏசி போட்டுத் தந்துருக்கேன்லா?"

"அந்தக் காத்து முட்டிக்குள்ள போயி உக்காந்துக்கிடுது." கொஞ்சம் நிறுத்தி, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "நீ கவலப்படாதய்யா. போற காலத்துல ஒன் வீட்டுலருந்துதான் போவேன்."

ஆக, வாழ்வதற்கு அவன் வீடு, சாவதற்கு என் வீடு.  போனை வைத்துவிட்டு, ஒரு காரணமும் இல்லாமல் கடை ஆட்களைத் திட்டினேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பா எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "அம்மா சின்னவன்கிட்டயா இருக்கா? என்னடே, ஒங்களுக்குள்ள எதும் மனத்தாங்கலா?" நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். இரண்டு இலை தள்ளி என் தம்பி பாயசத்தைத் தொடாமல் தன் வீட்டு மாடியில் போட்ட சோலார் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அரசாங்க மானியம், மாடியில் உண்டாகிற கரண்ட்டில் மிச்சத்தை ஈ.பி.க்கே திருப்பித் தருவது, மொட்டை மாடியெல்லாம் சும்மா காய்வது. சுற்றிலும் எல்லாரும் சோற்றை மறந்து கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவன் வீட்டுக் குளுமைக்குக் காரணம் அந்தச் சோலார்தான் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

"சோலார் கரண்ட்டுக்குல்லா? குளுமைக்கு அவிய வேற என்னமோ செஞ்சிருக்காவ" என்றாள் என் மனைவி. வாயை மூடு என்று நான் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் பார்த்தேன்.

அவன் போட்டதைவிடப் பெரிதாகப் போடச் சொல்லி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். அவர்களுடைய இன்ஜினியர் மாடிக்கு வந்து போனில் திசை பார்த்தார். "சார், பேனல் எல்லாம் தெற்குப் பார்த்து வரும்" என்றார்.

"தெற்கு ஆகாது தம்பி. அது எமன் திசை. எங்க குடும்பத்துல தெக்கப் பாத்து ஒரு செம்பு கூட வைக்க மாட்டோம். எங்க கல்லாப்பெட்டியே வடக்கப் பாத்துதான் இருக்கு. குபேரன் திசை. வடக்கப் பாத்து வையுங்க."

"சார், சூரியன் வருஷத்துல பாதி நாளுக்கு மேல தெற்காலதான் போகும்."

"போகட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார், சரி சார் என்றார். மாடியில் பலகைகள் குபேரனைப் பார்த்துப் படுத்துக்கொண்டன. அம்மாவின் அறை அப்படியே வெந்தது.

எங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் ஒருவர், புதுக் கட்டடத்துக்கெல்லாம் அரசாங்கம் சோலாரைக் கட்டாயமாக்கிவிடும் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார். நான் எழுந்தேன். "ஆக்கட்டுமே. கீழ நாம காலையிலருந்து ராத்திரி வரைக்கும் ஏசியும் லைட்டும் போட்டு உறிஞ்சுதோம். மேல அம்புட்டு வெயிலும் மாடியில வீணாக் கெடக்கு. பழைய கடைக்கும் சேத்துக் கட்டாயமாக்கணும்ங்கேன்." கை தட்டினார்கள். அண்ணாச்சிக்கு நல்ல விவரம் என்றார்கள். பந்தியில் தம்பி சொன்னதைத்தான் சொன்னேன். கைதட்டலில் பாதி அவனுக்குச் சேர வேண்டியது, நான் கொடுக்கவில்லை. எரிச்சலில் பேசியதுதான், ஆனாலும் பேச்சு சரியான பேச்சு. இன்றைக்கும் எங்கே கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆடி, ஆவணியில் குபேரன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மாடிக் கரண்ட் இறங்கியதை மழை என்று சொல்லிச் சமாளித்தேன். தை பிறந்து வானம் பளிச்சென்று இருந்தபோதும் ஏறவில்லை. பொங்கலுக்கு வந்த தம்பி போனில் தன் கணக்கையும் என் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "தெக்கத் திருப்பிருங்கண்ணே, சரியாப் போவும்" என்று மெதுவாகச் சொன்னான். மாடிக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டினால் கீழே சூடு இறங்காது என்று சொல்லி, தான் ஒட்டிய டைல்ஸ் பேரையும் சொன்னான். அவன் நல்லவனாக இருப்பதுதான் எனக்கு ஆகவே இல்லை.

பொங்கலுக்கு வந்த அம்மா அவனோடேயே திரும்பிப் போனாள்.

டைல்ஸ் ஒட்டினேன். அறையில் அனல் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. அதைச் சொல்லி அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டிவாக்கம் போனேன். அம்மா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் பெரிய ஜன்னல். கடல் காற்று உள்ளே வந்து, சேலைத் தலைப்பை அசைத்துவிட்டு, எதிர் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எந்தத் திசை என்று யோசித்தேன். தெற்கு.

அம்மா எழுந்ததும் டைல்ஸ் கதை, சோலார் கதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் நல்லதுதான்யா. இங்க ஜன்னல் இருக்கு. அங்க இல்லல்லா."

"எங்கம்மா இல்ல?"

"என் ரூம்ல. அந்தத் தெக்கு ஜன்னல். கடை மந்தமா இருக்கதுக்கு அந்த ஜன்னல்தான் காரணம்னு எவனோ வாஸ்துக்காரன் சொன்னாம்னு ஒங்கப்பா செங்கல் வச்சு அடைச்சாவல்லா? அன்னைக்கிலருந்து அந்த ரூம்ல எனக்குத் தூக்கம் இல்ல. யார்ட்டச் சொல்ல?"

காரில் திரும்பி வரும்போது அடையாறு சிக்னலில்தான் உறைத்தது. அந்த அறையின் தெற்குச் சுவரில் ஜன்னல் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தச் சுவரில்தான் அப்பா படம் மாட்டியிருக்கிறோம்.

சைதாப்பேட்டையிலிருந்து கொத்தனாரை வரவழைத்தேன். முதலில் படத்தைக் கழற்றிப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினேன். அப்பா முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கொத்தனார் நாலு செங்கல்லை உருவிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஜன்னல் சட்டம் அப்டியே கீது. யார் சார் அடைச்சது?"

"எங்கப்பா."

"இப்ப தொறந்துடவா?"

என் மனைவி பூஜை அறைக்குப் போய்விட்டாள். நான் தலையை ஆட்டினேன். தெற்கே பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்துகிற இடம்தான், அதனால் காற்றுக்குத் தடை இல்லை. கடைசிச் செங்கல் வந்ததும் காற்று வந்து சிமெண்டுத் தூசியை என் முகத்தில் அடித்தது. கையோடு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போன் பண்ணி மாடியில் இருந்ததையும் தெற்கே திருப்பச் சொன்னேன். மீறியாயிற்று, பிறகென்ன.

அடுத்த சித்திரையில் அம்மாவைச் சாப்பிட மட்டும் வா என்று கூப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனவள் ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டாள். அப்பா படத்தையும் பார்த்தாள். பாயை எடுத்துக் கீழே விரித்தாள்.

"எமன் வந்துரப் போறாம்மா" என்றேன்.

"வந்தா உக்காரச் சொல்லு. நல்லாக் காத்து வருதுல்லா."

சாயங்காலம் தம்பி அழைத்துப்போக வந்தான். அம்மா ஜன்னலடியில் அயர்ந்து தூங்கினாள். அவன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் கையை நீட்டிப் பார்த்தான். மாடிக்குப் போய்விட்டு வந்தான்.

"டைல்ஸ் நான் சொன்னதாண்ணே?"

"வேற. பேரு மறந்துபோச்சு." அவன் சொன்னதேதான்.

அம்மா விழித்ததும், "போலாமாம்மா?" என்றான்.

"வெயில் தாழட்டும்யா."

வெயில் தாழ்ந்தது. காபி குடித்தாயிற்று, விளக்கும் வைத்தாயிற்று. திரும்பவும் கேட்டான். அம்மா தலையணையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நாலு நாள் இங்க இருந்துட்டு வாரேன்யா."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். சித்தப்பா கேட்டபோது பந்தியில் நான் சிரித்தது. வாசல்வரை கூடப் போனேன். காரில் ஏறியவன் கண்ணாடியை இறக்கினான்.

"நாலு நாள்தானண்ணே?"

"நாலு நாள்தான்" என்றேன்.