மொட்டைப் பிணமும் பாலாற்றுப் படகும்

சிறுவர் பக்கம் நடத்துகிறவனிடம் பெரியவர்களின் நாவலைப் படிக்கக் கொடுக்கக் கூடாது. எட்டாம் பக்கத்தில் நீலப் பாவாடை கட்டிய இளவரசி பத்தாம் பக்கத்தில் பச்சைப் பாவாடையில் வந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. விடுகதை, குட்டிக் கதை, ‘தப்பு எங்கே?’ என்றொரு படம். படத்தில் கடிகாரத்துக்கு முள் இருக்காது, அல்லது மழையில் குடை தலைகீழாக இருக்கும். சரியாகச் சொன்ன பிள்ளைகளின் பெயர் அடுத்த வாரம் வரும். மாத நாவல்களைப் படித்து நொந்தவர்கள், அவற்றைப் பாராட்டி எழுதி இன்னும் நொந்தவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

பாதிப் பக்கம்

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். மேசை மேல் புது மாத நாவல்கள் ஒரு கட்டு. பாதி மர்மம், பாதி மாயாஜாலம். அட்டைகளில் ஒன்று கத்தி, இல்லையென்றால் மண்டை ஓடு. சிறுவர் பக்கத்தின் கீழ்ப் பாதியில் இவற்றைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். நாவல் போடுகிறவர்கள் விளம்பரம் தருவார்களாம். எனக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன்.

“எழுதலன்னா மேல் பாதியும் போய்டும் சார். பசங்க இன்னா விளம்பரமா குடுக்கப் போறாங்க?”

கம்பளம்

மாயத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. கம்பளம் தாராளமாகப் பறக்கட்டும். ஆனால் முதலில் எடுத்த நாவலில், இரண்டாம் அத்தியாயத்தில் ‘ஒருவரை மட்டுமே சுமக்கும்’ என்று முனிவர் சொல்லிக் கொடுத்த கம்பளம், பத்தாம் அத்தியாயத்தில் இளவரசன், இளவரசி, தோழி, குதிரை எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. சிறுவர் கதையில் இதைச் செய்திருந்தால் பிள்ளைகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். பெரியவர்கள் எதையும் கேட்பதில்லை. அதனால்தான் பெரியவர்களுக்கு எழுதுவது சுலபம்.

எப்படி விமர்சிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். கதையைச் சுருக்கிச் சொல்லி, கீழே ‘தப்பு எங்கே?’ என்று போட்டேன். எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் ஏகாம்பரம் தலையைத் தூக்கினார்.

“குதிரையை ஏத்துனதுகூடப் பரவால்ல சார். எறங்கறப்போ அதைக் காணோமே, நடுவுல எங்க தள்ளி வுட்டாங்க?”

படகு

அடுத்தது மர்மம். ஆம்பூரில் கொலை செய்தவன் பாலாற்றில் படகேறித் தப்பிக்கிறான். துப்பறிகிறவர் இன்னொரு படகில் துரத்துகிறார். அலை வேறு அடிக்கிறது. எழுதியவர் ரயிலில் போகும்போதாவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கலாம். இங்கே ஆறு என்றால் மணல். ஊற்றுத் தோண்டினால் கொஞ்சம் தண்ணீர் வரும், அதிலும் தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம். இதையும் புதிராகப் போட்டேன். பத்திரிகையை வாங்கிப் படித்த டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவாமல் நின்றுவிட்டார்.

“பாலாத்துல படகா? மேல மர்ம நாவல்னு போட்டிருக்கானே, இதுதான் சார் மாயாஜாலம்!”

மொட்டை

மூன்றாவதில் பிணத்தை டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் போடுகிறார்கள். விடிவதற்குள் எலும்புகூட மிஞ்சாமல் கரைந்துவிடுகிறது. போலீஸ் திகைக்கிறது. சுண்ணாம்பில் ஊறப்போடுவது தோலிலிருந்து முடியை எடுக்கத்தான் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். தோலே கரைந்துபோகுமென்றால் ஆம்பூரில் யார் எதை விற்றுப் பிழைப்பார்கள்? அந்த வாரம் விடை எழுதாத பிள்ளை இல்லை. தன் மகளின் விடையை நேரில் கொடுக்க வந்த டேனரி மேஸ்திரி கபூர் பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பொணத்தை வெளிய எடுத்தா மொட்டையா இருக்கும் சார், அவ்ளோதான். போலீஸ்காரன் திருப்பதி போய்ட்டு வந்தவன்னு நெனச்சுக்குவான்.”

மேல் பாதி

அந்த நாவலை வெளியிட்டவர் காரில் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளை விட்டுத் தன்னைக் கேலி செய்கிறோம் என்றார். பின்னட்டை விளம்பரத்தை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். முதலாளி அவருக்கு எதிரிலேயே தீர்ப்புச் சொன்னார்: மேல் பாதியில் இனி அவருடைய கொலைத் தொடர்கதை வரும்; கீழ்ப் பாதியில் நான் நாவல்களைப் பற்றி எழுதலாம், குற்றம் மட்டும் சொல்லக் கூடாது. பிள்ளைகள் இல்லாததையா சொன்னார்கள் என்று கேட்டேன். முதலாளி அவருக்குக் காபி வாங்கிவரச் சொன்னார்.

இதை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை. ‘விறுவிறுப்பான நடை, எதிர்பாராத முடிவு, அவசியம் படியுங்கள்’ என்று வாராவாரம் எழுத ஆரம்பித்தேன். பிள்ளைகள் சிறுவர் பக்கம் எங்கே என்று கேட்டு எழுதிய கார்டுகளை முதலாளி படிக்கவே இல்லை. ஒருமுறை அவற்றை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் வைத்தேன். அவருக்கு என் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது.

“உங்களுக்கு இன்னா சார் நஷ்டம்? கீழ உங்க பேரு அப்படியேதானே வருது!”

குடியாத்தம் பஸ்

அந்த வருஷமே ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் லுங்கி நெய்கிற குடியாத்தத்துக்காரர். பேச்சுவாக்கில் என் பெயரைக் கேட்டதும் பரபரப்பாகிவிட்டார். அவர் மகள் தேவகி ‘தப்பு எங்கே?’வுக்குத் தவறாமல் விடை எழுதியவள். எனக்கும் அந்தப் பெயர் நினைவிருந்தது. இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். நான் நாவல்களைப் பாராட்டி எழுதுவதைத்தான் படிக்கிறாளாம். புதிர் நின்றுபோனதை அவள் நம்பவில்லையாம்.

“தலைப்புதான் போடாம வுட்டுட்டாங்க, தப்பு உள்ளதான் இருக்கும்னு வாராவாரம் தேடிக்கினே இருந்தா சார். நேத்து கண்டுபுடிச்சிட்டா. கீழ போட்டிருக்கிற பேருதான் தப்பாம்.”

இத்தனை நாவல் படித்தவன் சொல்கிறேன், மாயாஜாலக் கதையில் ராட்சசனைக்கூட ஏமாற்றிவிடலாம், சிறுவர் பக்கம் படித்து வளர்ந்த பெண்ணிடம் நம் பருப்பு வேகாது.