இரண்டு கிட்டார், ஒரு மணிக்கட்டு

மணிக்கட்டு உடைந்து ஒட்டிய பிறகு வந்த மாதங்களில் என் கிட்டார் குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு பழைய தலையணை உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டவர்களிடம் தூசி படாமல் இருக்க என்று சொன்னேன். உண்மையில் அது என் கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்த உறை.

நான் கொல்லிமலையில் மின் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். சொந்த ஊர் திண்டுக்கல். மழைக்காலத்தில் ஒருநாள் காரவள்ளியிலிருந்து மேலே ஏறி வரும்போது கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் வெகுநாள் மரத்துக் கிடந்து, மெல்ல மெல்ல உணர்வுக்குத் திரும்பின. கட்டுப் பிரித்த நாமக்கல் டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே கிட்டார் பற்றித்தான்.

"வாசிக்கலாம்மா. ஆனா விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி வந்துச்சுன்னா நிறுத்திடணும். நரம்பு மறுபடி அமுங்குதுன்னு அர்த்தம். அதோட மல்லுக்கட்டக் கூடாது."

சுவரில் இருந்ததை எடுத்து மல்லுக்கட்டிப் பார்த்தேன். அதன் கழுத்து தடிமன், கம்பிகள் தடிமன், உயரமும் அதிகம். ஆறு கம்பியையும் ஒரே விரலால் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் எஃப் கார்டு வந்ததும் மணிக்கட்டு திருகிக்கொண்டது. எறும்பும் ஊர்ந்தது. உறையை மாட்டிவிட்டேன்.

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பி மெல்லியது. தாழ்வாக ஓடும். லேசாகத் தொட்டாலே போதும், மீதியை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்ளும். ஆக எனக்கு மிச்சமிருந்த வழி அது ஒன்றுதான். அதிலும் எறும்பு ஊர்ந்தால் வாசிப்பதையே விட்டுவிடுவது, சுவரில் தொங்குவதைச் சித்தி மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எட்டாம் வகுப்பில் தொடங்கிய ஒன்றை இப்படி ஒரு வரியில் முடித்து வைத்திருந்தது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனால் முடிவு செய்ததைத் திரும்பத் திரும்பக் கிளறும் பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்கள் லைன்மேன்தான் துப்புச் சொன்னார். "சேந்தமங்கலத்துல மைக் செட்டுக் கடைல ரெண்டு கிட்டாரு கெடக்குதுங்க மேடம். அந்தக் கடைக்காரரு முன்ன ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சவரு. சுருக்கா போங்க. ராசிபுரத்துக்காரரு ஒருத்தரு ரெண்டயும் சேத்துக் கேட்டுக்கிட்டு இருக்கறாராம்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கினேன். வளைவுகளில் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை மடியில் வைத்து, பார்க்க வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்தினேன். கழுத்தின் தடிமன். கம்பியின் உயரம். எடை. நின்று வாசிக்கும்போது தலைப்பக்கம் தொங்கி இடது கைமேல் பாரம் ஏற்றக் கூடாது. கடைசியாக எஃப். பிடித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்க்கலாமா என்று யோசித்து, அளக்க முடியாததால் விட்டுவிட்டேன்.

கடை வாசலில் கடைக்காரரின் மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க கண்ணு. நேத்து கோயில் நோம்பிக்குப் போயிட்டு வந்த பாக்ஸெல்லாம் ஒரே சேறு. இப்பத்தான் தொடச்சேன்."

ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். சிமெண்ட் தரை ஜில்லென்று காலில் ஒட்டியது.

கடைக்காரர் மீசைக்கு மட்டும் மை அடித்திருந்தார். என்னையும் என் பின்னாலும் பார்த்தார்.

"வாசிக்கறது யாருங்க?"

"நான்தாங்கண்ணா."

"ஓ. தம்பிக்கு வாங்க வந்தீங்களோன்னு நெனச்சேன்."

"பொண்ணுங்க வந்தா அவரு ஆர்மோனியத்தத்தான் எடுத்துக் காட்டுவாரு," என்றார் மனைவி, துடைப்பதை நிறுத்தாமல்.

இரண்டு கிட்டார்களும் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் கிடந்தன. ஒன்று கறுப்பு, பளபளப்பாக, கீறல் இல்லாமல். மற்றது வெளிறிய நீலம், ஓரங்களில் பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரிந்தது. கறுப்பை அவரே எடுத்து ஆம்ப்பில் செருகிக் கொடுத்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரு மரப்பெட்டிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பையிலிருந்து சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் கம்பியின் உயரத்தைப் பார்த்தேன்.

"ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி அளவெல்லாம் எடுக்கறீங்க?"

"பொண்ணு பாக்க வந்தவங்க அளவெடுத்தாங்களா? எனக்கு யாரும் எடுக்கலீங்களே," என்றார் மனைவி.

"எடுத்திருந்தா நாந் தப்பிச்சிருப்பேனே."

கறுப்பின் கம்பி உயரம் நன்றாக இருந்தது. எறும்பும் ஊரவில்லை. ஆனால் கழுத்து உருண்டு தடித்திருந்தது. எஃப் பிடித்ததும் மணிக்கட்டு மடங்கி, உடைந்த இடத்தில் பல்வலி போல ஒன்று கிளம்பியது. எடையும் அதிகம். ஒரு பாட்டு தாங்கலாம். இரண்டாவது பாட்டுக்குக் கை என்னைத் திட்டும். பக்கத்தில் வைத்துவிட்டேன்.

அப்போது கடைக்காரரின் போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ராசிபுரத்துக்காரரு வண்டி எடுத்துட்டாராங்க. ரெண்டயும் வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கறாரு. நீங்க பாருங்க, நான் அவசரப்படுத்தல."

அவசரப்படுத்தத்தான் சொன்னார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நீலத்தை ஆம்ப்பில் செருகி, பெல்ட்டோடு தோளில் மாட்டி எழுந்து நின்றேன். இரண்டு கையையும் விட்டேன். தலைப்பக்கம் தொங்கவில்லை, வைத்த இடத்தில் நின்றது. கழுத்தைப் பிடித்தேன். கட்டைவிரல் தேடவே இல்லை, நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஜி வாசித்தேன், சி வாசித்தேன். விரல்கள் மாதக்கணக்கில் லீவில் போயிருந்ததாகவே தெரியவில்லை. கடைக்காரர் மனைவி துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் எஃப் பிடித்தேன்.

மணிக்கட்டு நேராக இருந்தது. வலி இல்லை. ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணம் விரல் நுனிகளில் எறும்பு.

கையை எடுத்தேன். போய்விட்டது. மறுபடி பிடித்தேன். வந்தது. மோதிர விரலில், சுண்டு விரலில், ஆள்காட்டி விரலிலும்கூட. ஆள்காட்டி விரல் ஒருநாளும் மரத்ததில்லை என்பதை அங்கேயே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லண்ணா."

முகத்தை ஆம்ப்பின் பக்கம் திருப்பிக்கொண்டேன். எது எனக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு அது இல்லை என்றாவதைவிட, கறுப்போடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. நானே எடுத்த முடிவும் இருந்தது. பெல்ட்டைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பொறியியல் படித்தவளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தோற்றாலும் எவ்வளவு நேரத்தில் தோற்றது என்று பார்க்க வேண்டும். கடைசியாக ஒருமுறை எஃப் பிடித்து, எறும்பு முழங்கை வரை ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றலாம் என்று அழுத்தினேன்.

எறும்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தலைக்கு மேல் ஃபேன் தளர்ந்தது. ஆம்ப்பின் இரைச்சல் அடங்கியது. தெருவில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றது.

"போச்சு," என்றார் கடைக்காரர். "மேடம் எந்த ஆபீசுன்னு லைன்மேன் சொன்னாருங்க. நீங்க மலைய உட்டு எறங்குன ஒடனே உங்காளுங்க அமத்திப்புட்டாங்க பாருங்க."

"இது எங்க பிரிவு இல்லீங்கண்ணா," என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டது. நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப் அப்படியேதான் இருந்தது. அழுத்தம் குறையவில்லை. எறும்பு இல்லை.

என் நரம்புக்குக் கம்பத்திலிருந்து சப்ளை வருவதில்லை.

நான் அசையவில்லை. மனைவி, "கை வலிக்கும், எறக்கி வெச்சிருங்க கண்ணு," என்றார். "இருக்கட்டுங்கக்கா," என்றேன். கரண்ட் வர எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்கத் தயாராக இருந்தேன். வெளியே ஒரு பைக் சத்தம் கேட்டபோது மூன்று பேரும் திரும்பினோம். அது நிற்காமல் போய்விட்டது.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. ஆம்ப் இரைந்தது. அதோடு சேர்ந்து, சொல்லிவைத்தாற்போல, விரல் நுனியில் எறும்பு.

கையை எடுத்தேன். பையில் எப்போதும் கிடக்கும் டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தேன். அதற்குள் இருந்த சின்ன பல்பு மங்கலாகச் சிவந்தது.

"இது ஏனுங்க எரியுது?" என்றார் கடைக்காரர்.

ஆம்ப்பின் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரில் பிளக் இல்லை. பிளக் பாயிண்டின் இரண்டு ஓட்டைகளில் இரண்டு வயர்களைச் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தது. மூன்றாவது பச்சை வயர், எர்த்துக்கானது, வெட்டி டேப் சுற்றப்பட்டிருந்தது. ஆம்ப்பின் பெட்டியில் கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் கிட்டார் கம்பிக்கு வந்து, என் விரல் வழியாக, வெறும் காலின் கீழிருந்த ஈரத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்பை வாசித்தபோது என் இரண்டு காலும் மரப்பெட்டியின் மேல் இருந்தன. ஜியிலும் சியிலும் கம்பியை விரல் நுனி மட்டும் தொட்டது, எஃப்பில்தான் விரல் முழுக்கப் படிந்தது.

மலைமேல் வாசலூர்பட்டியில் போய் வீடு வீடாக எர்த் இருக்கிறதா என்று கேட்டவள் நான். ஈரக்காலோடு ஸ்விட்ச் தொடாதீர்கள் என்று சொன்னவள் நான். எனக்கே வந்தபோது, டாக்டர் சொன்ன எறும்பு என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"பிளக் எங்கண்ணா?"

"நோம்பில ஏதுங்க பிளக்கு? கம்பத்துக்கிட்ட ரெண்டு வயரு குடுப்பாங்க, சொருகிக்குவோம். இத்தன வருசம் நானே வாசிச்சிருக்கறேன், ஒண்ணும் ஆவலீங்க."

"மேடையில செருப்போட நின்னிருப்பீங்க."

"செருப்பா? ஷூவுங்க. வெள்ள ஷூ."

"வெள்ள ஷூவு, வெள்ளப் பேண்ட்டு," என்றார் மனைவி. "தாலி கட்ட மட்டும் வெறுங்கால்ல வந்தாரு."

நான் சிரிக்கவில்லை. எறும்பு இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று சுவரிலிருந்து. அது உறுதி. மணிக்கட்டிலிருந்தும் சேர்ந்து வந்திருக்கலாம். அது இன்னும் தெரியாது.

மெயினை அணைக்கச் சொன்னேன். கடையிலேயே கிடந்த மூன்று பின் பிளக் ஒன்றை அவர் தேடிக் கொடுக்க, பச்சை வயரையும் சேர்த்து முடுக்கினேன். மெயினைத் திரும்பப் போடச் சொல்லி, டெஸ்ட் பல்பு வைத்து எர்த் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. அதற்குள் போன் மறுபடி அடித்தது. "பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வந்துட்டாராங்க," என்றார் கடைக்காரர், என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தபடி.

"வரட்டுங்கண்ணா."

கம்பியில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. ஆம்ப்பின் இரைச்சலும் பாதியாகக் குறைந்திருந்தது. மனைவி என் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டார். "போட்டுக்குங்க சாமி, போதும்."

"வேண்டாங்கக்கா. அதே மாதிரி நிக்கணும்."

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அதே ஈரத் தரை, அதே வெறும் கால், அதே நீலம். எஃப் பிடித்துக் கம்பிகளை ஒருமுறை மேலிருந்து கீழாக மீட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

முதுகில் வியர்வை இறங்கியது. மணிக்கட்டு விறைத்திருந்தது, ஆனால் வலிக்கவில்லை. மோதிர விரலைக் கவனித்தேன். பிறகு சுண்டு விரலை. கம்பியின் சொரசொரப்பு தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது. ஒலி தேய்ந்து அடங்கும்வரை நின்றேன். மறுபடி மீட்டினேன். மறுபடி நின்றேன். எதுவும் ஊரவில்லை.

"ரெண்டாவது கம்பி விழலீங்க," என்றார் கடைக்காரர்.

திரும்பிப் பார்த்தேன்.

"எஃப்ல. ரெண்டாவது கம்பி கணீர்னு இல்லாம அமுங்கிக் கேக்குது. ஆள்காட்டி வெரல இன்னுங் கொஞ்சம் ஒட்டி வெய்யுங்க."

விழுந்த நாளிலிருந்து என்னிடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. வாசிப்பில் தப்புச் சொன்னவர் அன்றுவரை யாரும் இல்லை.

வாசலில் பைக் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, என் தோளில் இருந்ததைப் பார்த்தார்.

"அண்ணா, இது எனக்கு. கறுப்ப அவருக்குக் குடுங்க," என்றேன்.

"ரெண்டயும் சேத்தில்லீங்க கேட்டாரு..."

"முன்ன வந்தவங்களுக்குத்தான் மொத உரிம," என்றார் மனைவி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு வாசலைப் பார்த்து, "செருப்ப வெளிய உட்டுட்டு வாங்க, தரை தொடச்சிருக்குது," என்றார்.

"போட்டுக்கிட்டே வரட்டுங்கக்கா," என்றேன். கடைக்காரர் அப்போதுதான் சிரித்தார்.

பெல்ட்டைக் கழற்றாமல், ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் ஒட்டி வைத்து மறுபடி அழுத்தினேன்.