எட்டாவது கோருக்கு விழுந்த கரை

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு நான் எடுத்தது குளச்சல் பக்கத்துத் தூண்டில் வளைவு ஒன்று. கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைத்துவிட்டால் அலை எங்கே அடங்கும், எங்கே ஏறும் என்று கணினியில் பார்ப்பது. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் அலையின் வளைவை உயர்படிச் சமன்பாட்டால் பிடிக்க வேண்டும். பிழை அதிகமாகும் இடத்தில் நிரலே கட்டங்களைப் பொடியாக்கிக்கொள்ளும். எனக்கு இதில் அப்படியொரு பைத்தியம். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலும் வயலைப் பார்க்காமல் கட்டம் வெட்டிக்கொண்டிருப்பேன்.

நாகர்கோவில் கல்லூரி ஆய்வகத்துக் கணினியில் எட்டு கோர். ஒரே நேரத்தில் எட்டுக் கணக்கு ஓடும். கரையை எட்டுத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். ஏழு கோர் முடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். எட்டாவது மட்டும் திணறும். வளைவின் நுனிக்கு அப்பாலுள்ள கரை அதன் பங்கு. அலை அங்கேதான் முறிந்தது, கட்டங்களும் அங்கேதான் பொடிந்துகொண்டே போயின. சும்மா கிடக்கும் கோர்களுக்கு நடுவில் வேலையை மறுபடி பங்கிடும் நிரல் பகுதியை நான் எழுதி முடித்திருக்கவில்லை. ரிவ்யூவுக்கு இரண்டு நாள்தான். அந்தத் துண்டில் மட்டும் இதற்குமேல் பொடியாக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். எட்டும் ஒன்றாக முடித்தன. கோர் கூடக் கூட வேகம் கூடுவதைக் காட்டும் வரைபடம் நேர்கோடாக வந்தது. ரிவ்யூவில் கைதட்டினார்கள்.

என்னோடு ஒரே பெஞ்சில் இருக்கும் தோழியின் வீடு அந்த எட்டாவது துண்டில். அலை ஏறும் இடத்தைச் சிவப்பாகவும் ஏறாத இடத்தை நீலமாகவும் காட்டும் படத்தில் அவள் கரை வெறும் நீலம்.

"ஏட்டி, அப்ப எங்க பக்கம் அலை கொறவாக்கும், இல்லியா?"

கட்டம் பெரிசு, அதனால்தான் அலை தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சார் நின்றார். "ஆமாட்டி" என்றேன். அவள் செல்போனில் படமெடுத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து கேன்டீனில் சொன்னாள், வீட்டில் கடல் பக்கமாக அடுக்களையை இழுத்துக் கட்டுகிறார்களாம்.

"அப்பா மொதல்ல ஒத்துக்கிடவே இல்ல. ஒனக்க படத்தக் காட்டின பொறவாக்கும் சரின்னாரு."

நேராக ஆய்வகத்துக்குப் போய் அந்த வரியை அழித்துவிட்டு ஓடவிட்டேன். சாயங்காலம் படம் வந்தது. நீலம் இருந்த இடத்தில் சிவப்பு, வீடுகளின் வரிசைவரை. போனில் அவளிடம் சொன்னேன்.

"அண்ணைக்கே ஒனக்குத் தெரியுமாட்டி?"

"தெரியும்."

"அப்ப நீயே வந்து அப்பாட்ட சொல்லு."

சனிக்கிழமை போனேன். அஸ்திவாரக் குழி தோண்டி, பாதிக்குக் கல்லும் போட்டிருந்தார்கள். அவள் அப்பா ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் தப்பா போட்டுதா மக்கா?"

"இல்ல மாமா. நான்தான் அந்த எடத்துல சரியா பாக்க விடல்ல."

"எதுக்கு?"

"ஒரு கோடு நேரா வரணும்னு."

அவர் திட்டியிருந்தால் தேவலை. கொத்தனாரிடம் திரும்பி, "கல்ல எடுத்துட்டு மண்ணத் தட்டிரும்" என்றார், அவ்வளவுதான். தோழி மம்பட்டியை எடுத்தாள். நானும் ஒன்றை எடுக்கப் போனேன்.

"அத வையி" என்றாள். "நீ அங்கன நில்லு."

குழி மூடி முடியும்வரை நின்றேன்.