உத்தரத்துக் கொக்கி

உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் தமிழ் வழிப் பள்ளியில், தலைமையாசிரியர் அறையின் உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. மின்விசிறிக்காக அடித்ததல்ல. இந்தக் குளிரில் விசிறி யாருக்கு வேண்டும்? அது தொட்டிலுக்கு.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான். அம்மா ஏலக்காய் எடுக்கப் போக வேண்டும். அதனால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். அன்று மாலையே ஹெச்.எம். டீச்சர் கொட்டும் மழையில், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து நின்றார். கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"இவ பள்ளிக்கூடம் வந்துட்டா பச்சப்புள்ளைய யாரு டீச்சர் பாக்குறது?" என்றார் அம்மா.

"அவனையும் தூக்கிட்டு வரட்டும். இப்பவே ஒண்ணாப்புல சேத்துர மாட்டேன், பயப்படாத."

அம்மா சிரித்துவிட்டார். மறுநாள் கொக்கியில் சேலைத் தொட்டில் தொங்கியது. டீச்சர் காலால் அதை ஆட்டிக்கொண்டே கையால் எழுதுவார். தம்பிக்குப் பின் வேறு வீட்டுக் குழந்தைகளும் அதில் தூங்கின. பிள்ளையின் படிப்பை நிறுத்த யார் என்ன காரணம் சொன்னாலும் அவரிடம் ஒரு மறுமொழி இருந்தது. கிளம்பும்போது, "புள்ளைய மேல மேல படிக்க வை" என்பார்.

இப்போது அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதே வார்த்தையை நானும் லயம் லயமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இந்த ஆண்டு பள்ளியில் ஒரே ஒரு மாணவிதான். அவளும் போனால் பூட்டிவிடுவார்கள்.

நேற்று அவளுடைய அம்மா வந்தாள். என்னிடம் படித்தவள். இடுப்பில் கைக்குழந்தை.

"டீச்சர், பாப்பாவுக்கு டி.சி. வேணும்."

என் கண் தானாகக் கொக்கிக்குப் போனது. "தம்பிய பாத்துக்க ஆளில்லையா? அவனையும் தூக்கிட்டு வரச் சொல்லு. இங்க தொட்டில் கட்டிக்கலாம்."

"அய்யோ, படிப்ப நிறுத்தல டீச்சர். கீழ டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல சேக்குறோம். வேன் லயத்து வாசலுக்கே வருது." கொஞ்சம் தயங்கினாள். "நீங்கதான சொல்லுவீங்க, புள்ளைய மேல மேல படிக்க வைன்னு."

படிப்பை நிறுத்த வந்தவர்களுக்கு மறுமொழி சொல்லவே டீச்சர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். டி.சி. புத்தகத்தை எடுத்து எழுதினேன். என் இடத்தில் டீச்சர் இருந்தாலும் டி.சி.யை எழுதித்தான் கொடுத்திருப்பார்.

அவள் கையெழுத்துப் போடுவதற்காகக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். என்னையறியாமல் கால் ஆடியது. அவன் தூங்கிவிட்டான்.

"நல்லா ஒட்டிக்கிட்டான். நடக்க ஆரம்பிச்சதும் உங்களப் பாக்கக் கூட்டியாரேன் டீச்சர்" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.