தெருவில் தெரியாதவர்கள்

மட்டாஞ்சேரியில் எனக்கு மிகவும் வேண்டியவர்கள், தெருவில் எதிரே வந்தால் என்னைப் பார்ப்பதில்லை. நானும் அவர்களைப் பார்ப்பதில்லை. தோள் உரசும் சந்தில்கூட, ஆளே இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோல ஒருவரையொருவர் தாண்டிப் போவோம். மாதம் ஒரு ஞாயிறு, கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் மாடியில் கூடும்போது மட்டும் சாயா குடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவோம். எல்லோரும் எச்.ஐ.வி.யோடு பல வருடங்கள் வாழ்ந்தவர்கள். முதுமை வரும் என்று எதிர்பார்க்காமலே முதியவர்கள் ஆனவர்கள்.

நான் தோப்பும்படியில் பரோட்டா மாஸ்டர். கம்பத்துக்காரன். ஊரில் மாத்திரைக்கு வரிசையில் நின்றால், பின்னால் நிற்பவர் என் மச்சானுக்குப் பழக்கமானவராக இருப்பார். அந்தப் பயத்தில்தான் பஸ் ஏறினேன். யாருக்கும் என்னைத் தெரியாத ஊர் என்பது அப்போது எவ்வளவு நிம்மதி! இப்போதோ, காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்ட ஓர் ஆளில்லை.

தெருவில் பார்த்துக்கொள்ளக் கூடாது என்ற வழக்கத்தை ஏற்படுத்தியவர் சுமதி அக்கா. தலைமுறைகளாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர். கணவர் இறந்தபோதே அக்காவுக்கும் எச்.ஐ.வி. என்ற சங்கதி சந்து முழுக்கப் பரவிவிட்டது. தன்னோடு நின்று பேசினால் எங்களையும் சந்தேகிப்பார்கள் என்பது அவர் கவலை. "வெளிய வச்சு கண்டா நான் மிண்ட மாட்டேன். நீங்களும் பேசண்டா," என்பார்.

சமீபத்தில் அவரைப் பலமுறை கண்டேன். மீன் கடையில் என் முகத்துக்கு நேராக நின்று, வெறுமையாகப் பார்த்து, வழிவிட்டார். இன்னொரு மாலை, தன் வீட்டுச் சந்தின் முனையில் இரண்டு பக்கமும் பார்த்தபடி உள்ளே போகாமல் நின்றார். நான் கடந்து போகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அங்கேயே நின்றார். என்ன கச்சிதமான நடிப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன், மடையன்.

போன ஞாயிறு மாடிக்கு வந்தவர், அதே முகத்தோடு என் அருகில் உட்கார்ந்தார்.

"அக்கா, உள்ள வந்தாச்சு. போதும் நடிச்சது," என்றேன்.

"நீங்க ஆரு?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எங்களுக்கு வகுப்பெடுக்கும் கவுன்சிலர் ஷீபா, மறதி வந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள், காரணம் என்னவென்று டாக்டர் பார்க்கவேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் அக்காவின் பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் திறந்தார். அந்த மாதத்து மாத்திரை அப்படியே இருந்தது. மாத்திரை நின்றால், உள்ளே அடங்கிக் கிடப்பது எழுந்துவிடும். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்ன ஷீபா, அடுத்த சந்தில் குடியிருக்கும் என்னைப் பார்த்தார்.

"சேட்டா, சேச்சியெ வீட்டில் ஆக்காமோ?"

வீட்டில் கொண்டுபோய் விட்டால் மட்டும் போதாது. இனி தினமும் போய், மாத்திரையை விழுங்கினாரா என்றும் பார்க்கவேண்டும். அவர் வீட்டுக்குத் தினமும் வருபவன் யாராக இருப்பான் என்பதற்கு அந்தச் சந்தில் ஒரே பதில்தான் உண்டு: அவனுக்கும் அதே நோய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனேன்.

நாங்கள் நடக்க நடக்க, ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. சற்று முன் எங்களோடு சாயா குடித்த ஒருவர் சைக்கிளில் வந்தார். எங்கள் இருவரையும் ஆளில்லாத இடமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

முனையில் முருகேசனின் காய்கறிக் கடை. எங்கள் ஊர்க்காரர், சரக்கெடுக்க வாராவாரம் கம்பம் போகிறவர். என் வீடுவரை செய்தி போக அவர் ஒருவர் போதும்.

"என்னண்ணே, இந்தம்மாகூட வர்றீங்க? யாரு உங்களுக்கு?" என்றார்.

"எங்க அக்கா," என்றேன்.

சுமதி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முருகேசனிடம், "இந்த ஆளெ எனக்கு அறியில்ல," என்றார்.

வழக்கத்தைக் காப்பாற்றினாரா, நிஜமாகவே மறந்துபோனாரா, எனக்கு விளங்கவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தார். முருகேசன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.